ஒரே பெயரில் இரண்டு அருப்புக்கோட்டைகள்

தமிழ் எழுத்தின் வரலாற்றைப் பேசுவோர் வழக்கமாகச் சில இடங்களில் நின்று செல்வார்கள். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடச் சொன்ன தொல்காப்பியம். 18ஆம் நூற்றாண்டில் கொம்பை மேலே சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டிய வீரமாமுனிவர். 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் புதிய வடிவங்களை அச்சிட்டுக் காட்டிய பெரியார். அவற்றுள் ஒரு பகுதியை ஏற்று 1978 அக்டோபரில் தமிழக அரசு வெளியிட்ட ஆணை. இந்த வரிசையில் 2019 ஜூலை 7 என்ற நாளையும் சேர்த்தாக வேண்டும் என்பது என் எண்ணம். லினக்ஸ் கெர்னலின் 5.2ஆம் வெளியீடு வந்த நாள் அது. தமிழுக்காக அதில் எவரும் எதையும் செய்யவில்லை. ஆனாலும் கொம்பும் காலும் சேர்ந்தால் ஓகாரம் என்ற நம்முடைய பாலபாடம், அன்று ஓர் இயங்குதளத்தின் கருவுக்குள் நுழைந்தது.

கெர்னல் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் பருப்பு. கடலைத் தோட்டை உடைத்தால் உள்ளே கிடைப்பது. திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கணினித் திரையில் நாம் காணும் சாளரங்களும் பட்டிகளும் வெறும் தோடு. நினைவகத்தைப் பங்கிடுவது, வன்தட்டில் எழுதுவது, எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைப்பது ஆகியவை பருப்பின் வேலை. கண்மாய் மடையைத் திறந்து வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சியை நினைத்துக்கொண்டால் இன்னும் பொருந்தும். அவர் கண்ணில் படாதவரை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். இந்தப் பருப்பு நமக்கு அந்நியமானதும் அன்று. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோஸோடு சேர்ந்தே எங்கள் மாணவர்களின் கைக்கு வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்பது வேறு கதை. இன்று சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் உள்ளேயும் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான்.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் இதை எழுதத் தொடங்கியபோது, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையை மினிக்ஸ் என்ற கற்பித்தல் இயங்குதளத்திடமிருந்து எடுத்துக்கொண்டார். அதில் ஒரு கோப்பின் பெயர் 14 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. ஆங்கிலத்துக்கு ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. இன்றைய ஒருங்குறிக் கணக்கில் தமிழுக்கு ஒரு குறிக்கு மூன்று பைட்டு. அந்த 14க்குள் எங்கள் ஊரின் பெயரை எழுத முயன்றால் ‘அருப’ என்பதோடு நின்றுவிடும். 1992 ஏப்ரலில் ரெமி கார்ட் எழுதிய எக்ஸ்ட் என்ற கோப்பமைப்பு இந்த வரம்பை 255ஆக உயர்த்தியது. அதன் வழிவந்த எக்ஸ்ட்4 அமைப்பில் இன்றைக்கும் அதே 255தான். தமிழில் 85 குறிகள் கொள்ளும். நம் 19ஆம் நூற்றாண்டுப் பதிப்பாளர்கள் முகப்புப் பக்கத்தில் போட்ட நீண்ட தலைப்புகளைக் கோப்புப் பெயராக வைக்க முயன்றவர்களுக்கு இது போதாது என்பது தெரிந்திருக்கும்.

அளவு எப்படியிருந்தாலும், பெயருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கெர்னல் கேட்டதே இல்லை. அது மறுத்தவை இரண்டே: கோப்புறைகளைப் பிரிக்கும் சாய்கோடு, பெயர் முடிந்தது என்பதைக் காட்டும் சுழியப் பைட்டு. மற்ற எதை எழுதினாலும் ஏற்றுக்கொண்டது. 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்து மேசைத் தாளில் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தை வரைந்தபோது, அவ்விரண்டு பைட்டுகளும் வேற்றுமொழி எழுத்துகளுக்குள் தப்பித்தவறியும் வந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார்கள். கெர்னலுக்குத் தமிழ் தெரியாமலேயே அதில் தமிழ்ப் பெயர்கள் வாழ முடிந்தது அதனால்தான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் முதலில் திஸ்கி குறியாக்கத்திலும் பின்னர் ஒருங்குறியிலும் வந்தன. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாப், டாம் என்று மேலும் இரண்டு வந்தன. அந்தக் குறியாக்கச் சண்டைகள் எதுவும் கெர்னலின் காதில் விழவில்லை. பொருள் தெரியாமல் வரி மாறாமல் ஏடு பெயர்க்கும் எழுத்தரைப்போல, கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொண்டு கேட்டபோது திருப்பித் தந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தெரிந்ததாக நினைத்துக்கொண்டு திருத்திய எழுத்தர்களால் நாம் இழந்த பாடங்கள் எத்தனையோ.

ஆனால் இந்த அறியாமைக்கு ஒரு விலை உண்டு. அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ப் பெயரே போதும்.

ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி என்ற பழைய தரத்தை ஒட்டி அமைந்தது. அதில் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ‘ோ’ என்ற முழுக்குறிக்குத் தனி இடம் உண்டு. இரட்டைக் கொம்பை ஓர் இடத்திலிருந்தும் துணைக்காலை இன்னோர் இடத்திலிருந்தும் எடுத்து அடுத்தடுத்து வைத்தாலும் அதே வடிவம் கிடைக்கும். இவ்விரண்டும் ஒன்றே எனக் கொள்க என்று ஒருங்குறித் தரம் விதி செய்திருக்கிறது. தமிழில் இப்படி இரட்டை வழி உள்ளவை நான்கே: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, ஔ என்ற உயிரெழுத்து. இனி ‘அருப்புக்கோட்டை’ என்று முதல் வழியில் எழுதினால் 15 குறிகள், 45 பைட்டுகள். இரண்டாம் வழியில் எழுதினால் 16 குறிகள், 48 பைட்டுகள். திரையில் மயிரிழை வேறுபாடும் இராது. பைட்டுகளை மட்டுமே பார்க்கும் கெர்னலுக்கு இவை இரண்டு வேறு ஊர்கள். பக்கத்திலிருக்கும் திருச்சுழிக்கு இத்தொல்லை இல்லை. ஒகர ஓகாரம் எதுவும் கலவாத பெயர். 10 குறி, 30 பைட்டு, ஒரே ஊர்.

யார் இப்படி உடைத்து எழுதுகிறார்கள் என்று கேட்கலாம். மனிதர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஆப்பிள் கணினிகளில் நெடுங்காலம் இருந்த எச்எஃப்எஸ்+ என்ற கோப்பமைப்பு, நாம் எப்படித் தட்டச்சு செய்தாலும் பெயரை உடைத்த வடிவத்துக்கு மாற்றித்தான் சேமித்து வைத்தது. அங்கிருந்து ஒரு கோப்புறை லினக்ஸ் கணினிக்கு வரும்போது 48 பைட்டு அருப்புக்கோட்டையாக வரும். இங்கே ஏற்கெனவே 45 பைட்டு அருப்புக்கோட்டை இருக்கும். இரண்டும் சண்டையின்றிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

இதனால் என்ன கெட்டுவிடும்? எங்கள் துறை மாணவர்கள் சில ஆண்டுகளாகச் சுற்றுவட்டார ஊர்களில் ஒப்பாரியும் தாலாட்டும் கும்மிப் பாட்டும் பதிவுசெய்து வந்தார்கள். ஊருக்கு ஒரு கோப்புறை: பந்தல்குடி, பரளச்சி, கோவிலாங்குளம், தொட்டியாங்குளம் என்று. பல கைகள், பல கணினிகள். ஒரு கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் ஒரே வன்தட்டில் சேர்த்தபோது கோவிலாங்குளம் இரண்டு முறை வந்திருந்தது. படி இரட்டித்துவிட்டது என்று எண்ணி, உதவிக்கு வந்த பிள்ளை ஒன்றை அழித்துவிட்டான். அழிந்தது நகல் அன்று; வேறோர் ஆண்டு, வேறொரு மாணவி எடுத்த பதிவுகள். பாடிய மூதாட்டிகளில் இருவர் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார்கள். பையனைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை ஒன்று என்று நம்பினான். பந்தல்குடிக்கும் பரளச்சிக்கும் இப்படி நேர வாய்ப்பே இல்லை என்பதைப் பின்னால் கணக்கிட்டுப் பார்த்தேன்.

ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரிந்த சிக்கல். ஓலையில் புள்ளி இராது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே கொம்பு, ககரம், கால் என்ற மூன்று வடிவங்களைப் பார்த்தவர் அதைக் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என்று ஆறு விதமாகப் படிக்க இடமுண்டு. திருச்சுழிப் பூமிநாதர் கோயிலில் உள்ளவை போன்ற பாண்டியர் காலக் கல்வெட்டுகளைப் படிப்போருக்கும் குறில் நெடில் மயக்கம் நாள்தோறும் உண்டு. அங்கே ஒரே வடிவத்துக்குள் பல சொற்கள் ஒளிந்திருந்தன. எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் தேவைப்பட்டார்கள். கணினியிலோ ஒரே சொல் இரண்டு உடல் எடுத்து நிற்கிறது. இங்கேயும் ஒரு பதிப்பாசிரியர் வேண்டும். பிரிப்பதற்கன்று, ஒன்றெனச் சொல்வதற்கு.

அந்தப் பதிப்பாசிரியர் வேலையைத்தான் 5.2ஆம் வெளியீட்டில் கெர்னல் ஏற்றுக்கொண்டது. ஒலிச் சில்லுக்கான திறமூல நிரல், கைப்பேசிகளில் காணும் மாலி வரைகலைச் சில்லுகளுக்கான இரண்டு இயக்கிகள் என்று அந்த வெளியீட்டின் பட்டியல் நீளமானது. தொழில்நுட்பச் செய்தித் தளங்கள் அவற்றை விரிவாகவே எழுதின. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: எக்ஸ்ட்4 கோப்புறைகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பாராமல் பெயரைத் தேடும் வசதி. அதற்கான தொடக்க வேலையை எஸ்ஜிஐ நிறுவனத்தின் ஓலாஃப் வெபர், எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறொரு கோப்பமைப்புக்காக 2014இல் செய்தார். அது அப்போது ஏற்கப்படவில்லை. பின்னர் அதை எடுத்து எக்ஸ்ட்4க்கு ஏற்ப வளர்த்து நிறைவேற்றியவர் கேப்ரியல் கிரிஸ்மன் பெர்டாசி. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டுவோருக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் அது உடனடியாகத் தேவைப்பட்டது. தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து ஏது? ஆனால் எழுத்து ஒப்பீட்டில் இறங்குகிறவர்கள் முதலில் இரட்டை வழிகளை ஒருமுகப்படுத்தியாக வேண்டும். எனவே ஒருங்குறி 12.1இன் ஒருமுகப்படுத்தும் அட்டவணை முழுவதும் சுருக்கப்பட்டுக் கெர்னலுக்குள் வைக்கப்பட்டது. (ஜப்பானில் புதிய பேரரசரின் ஆட்சிக் குறிக்காக, ஒரே ஓர் எழுத்தைச் சேர்ப்பதற்கென்றே 2019 மே மாதத்தில் வெளிவந்த பதிப்பு அந்த 12.1.) அட்டவணையின் ஒரு மூலையில் நம் நான்கு குறிகளும் இருந்தன.

அது வேலை செய்யும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பெயரை அது திருத்துவதில்லை. முதலில் எழுதியவர் எந்தப் பைட்டுகளை எழுதினாரோ அவை அப்படியே வன்தட்டில் இருக்கும். தேடும்போது மட்டும் இரு பெயர்களையும் உடைத்துப் பார்த்து ஒன்றா என்று முடிவுசெய்கிறது. மூலபாடத்தைத் தொடாமல் அடிக்குறிப்பில் மட்டும் பேசும் நல்ல பதிப்பாசிரியரின் முறை இது. ஆப்பிளின் பழைய அமைப்பு சுவடியையே திருத்தி எழுதியது. 45 பைட்டு அருப்புக்கோட்டை இருக்கும் கோப்புறையில் 48 பைட்டு அருப்புக்கோட்டையை உருவாக்க முயன்றால், புதிய அமைப்பு ‘ஏற்கெனவே உள்ளது’ என்று தடுத்துவிடும். கோவிலாங்குளத்துக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

இது தானாக வந்துவிடுவதில்லை. வன்தட்டின் கோப்பமைப்பில் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அதன் பிறகும் காலியாக இருக்கும் கோப்புறைக்குத்தான் அந்த அடையாளத்தை இட முடியும். ஆகவே சாதாரண லினக்ஸ் மேசைக் கணினிகளில் பழைய நிலையே தொடர்கிறது. கைப்பேசிகளில் நிலைமை வேறு. 5.4ஆம் வெளியீட்டில் எஃப்2எஃப்எஸ் என்ற கோப்பமைப்புக்கும் இவ்வசதி வந்தது. 2020இல் ஆண்ட்ராய்டு 11 வந்தபோது பழைய ஏற்பாட்டைக் கைவிட்டு இதன் பக்கம் நகர்ந்தார்கள். நம்மில் பலர் அறியாமலேயே இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஒருங்குறித் தரம் ஒன்றெனச் சொன்னவற்றை மட்டுமே கெர்னல் ஒன்றெனக் கொள்ளும். கௌரி என்பதன் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கெகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘கெளரி’ என்று எழுதுவோர் ஏராளம். அது வேறு பெயராகவே நிற்கும். ஔவையாரை மூன்று விதமாக எழுதலாம். அதில் இரண்டைத்தான் கெர்னல் சேர்த்துவைக்கும். ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்று எழுதலாம் என்ற பெரியாரின் யோசனையை 1978 ஆணை ஏற்றிருந்தால் ஔவைக்கு இத்தொல்லையே வந்திராது என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன். இதைவிடச் சங்கடமானது எங்கள் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர். ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம். 2005இல் ஒருங்குறி 4.1இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். ஆயினும் தரத்தின்படி அவை வேறு. அருப்புக்கோட்டை ஒன்றாகிவிட்டது, ஆண்டாளின் ஊர் இன்னும் இரண்டாக இருக்கிறது.

இனி 2024இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருங்குறியில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் சில உண்டு. தமிழில் க், ஷ இரண்டும் கூட்டெழுத்தாகச் சேர்ந்துவிடாமல் தடுக்க இடையில் வைக்கும் பிரிப்புக் குறி அவற்றில் ஒன்று. இணையப் பக்கங்களிலிருந்து பெயர்களைப் படியெடுக்கும்போது இத்தகையவை ஒட்டிக்கொண்டு வந்துவிடுவதுண்டு. 5.2 முதலே கெர்னல் ஒப்பிடும்போது இவற்றை இல்லாதவையாகக் கருதி விட்டுவிட்டது. இதனால் வடிவ வேறுபாடு கொண்ட இரண்டு இதயப் படக்குறிகளைத் தனித்தனிப் பெயராக வைக்க இயலவில்லை என்று ஒருவர் முறையிட்டார். அது பிழைதான் என்று ஒப்புக்கொண்டு, தெரியாத குறிகளையும் எண்ணிக்கையில் சேர்க்கும் திருத்தத்தை 2024 அக்டோபரில் எழுதினார்கள். டிசம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸே அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார்.

காரணத்தை ஒரு நூலகத்தை வைத்து விளக்கலாம். பெரிய கோப்புறையில் பெயர்களை வரிசையாகப் படித்துத் தேடினால் நேரமாகும் என்பதால், ஒவ்வொரு பெயரிலிருந்தும் ஓர் எண்ணைக் கணித்து அந்த எண்ணின்படி அடுக்குகிறார்கள். நூலக அட்டையில் உள்ள அழைப்பெண் போல. எண்ணைக் கணிக்கும்போதும் தெரியாத குறிகளை விட்டுவிடும் பழைய விதியே பின்பற்றப்பட்டிருந்தது. விதியை மாற்றியதும் அத்தகைய குறி கொண்ட பெயர்களுக்கு வேறு எண் வந்தது. புத்தகம் பழைய அலமாரியிலேயே இருக்கிறது; நூலகர் புதிய அலமாரியில் போய்த் தேடிவிட்டு இல்லை என்கிறார். பழைய விதி தவறானதே. ஆனாலும் அந்தத் தவற்றின்படி வன்தட்டுகளில் எண்கள் எழுதப்பட்டுவிட்டன என்பது டோர்வால்ட்ஸ் சொன்ன காரணத்தின் சாரம். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளதை உடைக்கலாகாது என்பது அவர் விடாது காத்துவரும் விதி. நம் 1978 ஆணையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அன்று லை, ணை, னா போன்றவற்றின் வடிவம் மாறியது. அவை எந்த எழுத்து என்பது மாறவில்லை. அதனால்தான் தும்பிக்கை வைத்த பழைய லைகாரம் அச்சான புத்தகத்தை இன்றும் தட்டுத்தடுமாறியேனும் படித்துவிடுகிறோம். எது எதற்குச் சமம் என்ற விதியில் கைவைத்தால் படிப்பதற்கே எதுவும் கைக்கு வராது.

2025இல் டோர்வால்ட்ஸ், எழுத்து வேறுபாடு பாராத கோப்பமைப்புகளே அடிப்படையில் தவறான யோசனை என்று கடுமையாகவே எழுதினார். அவர் கவலை நியாயமானது. ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாக்குவது ஒரு வசதி. இல்லாவிட்டாலும் உலகம் நின்றுவிடாது. ஆனால் ஓர் எழுத்தின் இரண்டு குறியாக்கங்களை ஒன்றாக்குவது அந்த வகையைச் சேர்ந்ததன்று. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வாசிப்பவன் கண்ணுக்கு வேறுபட்டுத் தெரிகின்றன. இரண்டு கோகாரங்கள் தெரிவதில்லை. முதலாவதை வேண்டாமென்று விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பெற எக்ஸ்ட்4இல் வழியில்லை. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார்கள். பெரிய எழுத்தே இல்லாத மொழிக்காரர்கள் அந்த மடற்குழுவில் உரக்கப் பேசியிருந்தால் முடிச்சு வேறு விதமாக விழுந்திருக்குமோ என்னவோ.

அழைப்பெண் மாறிப்போன புத்தகங்களுக்கு 2025 வெளியீடுகளில் ஒரு வழி செய்தார்கள். எஃப்2எஃப்எஸ், எக்ஸ்ட்4 இரண்டிலும் எண்ணை வைத்துத் தேடிக் கிடைக்காவிட்டால், கோப்புறையின் முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கிறது கெர்னல். மெதுவான வேலைதான். சேகரிப்புகளை லினக்ஸில் வைத்திருக்கும் நண்பர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கான்வ்எம்வி என்றொரு சிறு நிரல் உடைந்த பெயர்களையெல்லாம் முழுக்குறி வடிவத்துக்கு ஒரே ஓட்டத்தில் மாற்றித் தரும். எங்கள் துறையில் இப்போது ஊர்ப்பெயருக்கு முன்னால் ஓர் எண்ணையும் பதிவுசெய்த ஆண்டையும் சேர்த்து எழுதுகிறோம். கோவிலாங்குளத்துக்கு இந்த ஆண்டு இரண்டு மாணவிகள் மறுபடி போய் வந்திருக்கிறார்கள். அந்த ஒப்பாரிகளில் சிலவற்றை நினைவில் வைத்திருக்கும் ஒரு மகள் அங்கே கிடைத்திருக்கிறார்.